சிறு அந்துப்பூச்சிகள்: தோற்றம் சொல்வதும் மறைப்பதும்

சுண்ணாம்பு அடித்த சுவரின் மூலையிலோ அலமாரிக்குப் பின்னாலோ பூசணி விதையின் வடிவில் சாம்பல் நிறக் கூடு ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்க்காத வீடு குறைவு. தட்டையான அந்தக் கூட்டின் இரு முனைகளும் திறந்திருக்கும். உள்ளே இருக்கும் புழு எந்த முனையிலிருந்தும் தலையை நீட்டும். கூட்டை இழுத்துக்கொண்டே சுவரில் ஏறும். தூசு, மணல் துகள், நூலிழை எல்லாவற்றையும் தன் பட்டு இழையால் பிணைத்து அது கட்டிய கூடு அது. பழைய ஒட்டடை, உதிர்ந்த முடி, கம்பளி நூல், செத்த பூச்சி ஆகியவை அதன் உணவு. வெள்ளையடிக்கும் முன்பு விளக்குமாற்றால் தட்டிவிடுவதோடு அதைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் புழு வளர்ந்தால் என்னவாகும் என்று கேட்டால் சட்டெனப் பதில் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. சிறகு விரித்தால் ஒரு சென்டிமீட்டர் அளவே வரும் சாம்பல் நிற அந்துப்பூச்சி அது. முன்சிறகில் மங்கலான சில கரும்புள்ளிகள் தவிரச் சொல்லும்படியாக வேறு அடையாளம் இல்லை. ஃபெரியோயிகா என்ற பேரினத்தைச் சேர்ந்தது.

வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும் ஓர் உயிரின் முதிர்ந்த வடிவமே கண்ணில் படவில்லை என்றால், வயலிலும் காட்டிலும் வாழும் அதன் உறவினர்களின் நிலை எப்படியிருக்கும்? ஒரு சிறு அந்துப்பூச்சியின் தோற்றத்தைக் கொண்டு அதைப் பற்றி எவ்வளவு அறிய முடியும் என்பது பூச்சியியலில் நீண்ட காலமாக நடந்துவரும் விவாதம். சிறகின் நிறமும் புள்ளியும் போதும் என்று ஒரு தலைமுறை நம்பியது. உடலை அறுத்து உள்ளே பார்க்காமல் பெயர் சொல்லக் கூடாது என்றது அடுத்த தலைமுறை. இப்போது மரபணு வந்திருக்கிறது. ஆய்வகத்துக்குள் அடங்கிவிடும் விவாதம் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. தக்காளி, கத்தரி, தென்னை, நிலக்கடலை பயிரிடுவோர் எல்லோரையும் இது தொடுகிறது.

எது சிறியது?

வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. சிறகில் செதில்கள் கொண்ட இந்த வரிசையில் ஏறத்தாழ 1,60,000 இனங்களுக்கு இதுவரை பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. அதில் வண்ணத்துப்பூச்சிகள் சுமார் 18,000. மற்றவை அனைத்தும் அந்துப்பூச்சிகள்.

அந்துப்பூச்சிகளைப் பெரியவை, சிறியவை என்று பிரித்தவர்கள் சேகரிப்பாளர்கள். பெரியதை ஊசியில் குத்திச் சிறகை விரித்துக் காயவைப்பது எளிது. சிறியதற்கு மிக மெல்லிய தனி ஊசியும், உருப்பெருக்கியும், நடுங்காத கையும் வேண்டும். ஆகவே இரண்டையும் வேறு வேறு ஆட்கள் சேகரித்தார்கள். வேறு வேறு நூல்களில் எழுதினார்கள். இயற்கையின் உறவுமுறை இந்தப் பிரிவினைக்குக் கட்டுப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் வாழும் எண்டாக்ஸிலா சினீரியஸ் உலகிலேயே மிக எடையுள்ள அந்துப்பூச்சி. பெண்பூச்சி 30 கிராம் வரை இருக்கும். ஆனால் உறவு வரிசையில் அது 'சிறியவை' என்று பெயர் பெற்ற கூட்டத்தின் பக்கம்தான் நிற்கிறது. அதே கூட்டத்தின் மறு கோடியில் நெப்டிகுலிடே குடும்பம் இருக்கிறது. அதில் பல இனங்கள் சிறகை முழுதாக விரித்தாலும் 3 அல்லது 4 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே புழுப்பருவம் முழுவதையும் கழிக்கும் பூச்சிக்கு அந்த அளவே போதும்.

இந்தியாவில் இந்தப் பிரிவினைக்கு ஒரு விலை இருந்தது. ஜார்ஜ் ஹாம்ப்சன் 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட பிரிட்டிஷ் இந்திய அந்துப்பூச்சி நூல் இன்றும் ஆய்வாளர்களின் மேசையில் இருக்கிறது. ஆனால் நான்காம் தொகுதி பைராலிடே குடும்பத்தோடு நின்றுவிட்டது. அதற்கும் சிறிய இனங்களுக்கு அப்படி ஒரு முழுமையான நூல் வரவே இல்லை. அவற்றைப் பற்றிய செய்திகள் இதழ்களிலும் துண்டு வெளியீடுகளிலும் சிதறிக் கிடந்தன.

உருப்பெருக்கியின் கீழே

வெறும் கண்ணுக்குத் தூசியாகத் தெரிவது பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியின் கீழே வேறொன்றாகிவிடுகிறது. எலுமிச்சை, நாரத்தை வளர்ப்போர் கொழுந்திலையில் வளைந்து நெளிந்து ஓடும் வெள்ளிக் கோட்டைப் பார்த்திருப்பார்கள். இலைத் துளைப்பான் என்று அவர்கள் சொல்லும் அந்தப் பூச்சியை 1856-ல் கல்கத்தாவிலிருந்து வந்த மாதிரிகளை வைத்து ஹென்றி ஸ்டெயின்டன் ஃபில்லாக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்று பெயரிட்டு விவரித்தார். முதிர்ந்த பூச்சியின் சிறகு விரிவு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். வெள்ளி மினுக்கும் முன்சிறகு. அதில் மெல்லிய பழுப்புக் கோடுகள். சிறகின் நுனியில் அழுத்தமான ஒரு கரும்புள்ளி. கோட்டைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதைப் போட்ட பூச்சியின் அழகைக் கண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவ்வளவு சிறிய பூச்சிகளுக்குச் சிறகின் அமைப்பே மாறிவிடுகிறது. சிறகுப்பரப்பு ஒடுங்கி ஈட்டி வடிவாகிறது. அதன் ஓரத்தில் சிறகைவிட அகலமாக மெல்லிய மயிர்ச்செதில்கள் குஞ்சம் கட்டுகின்றன. அந்த அளவில் காற்று பிசுபிசுப்பான ஊடகமாகச் செயல்படுவதால் குஞ்சமும் சிறகின் வேலையைச் செய்கிறது; எடை கூடாமல் பரப்புக் கூடுகிறது. நெப்டிகுலிடே பூச்சிகளின் உணர்கொம்பில் அடிக்கணு அகன்று கண்ணுக்கு மேலே மூடிபோலக் கவிந்திருக்கும். கெலெக்கிடே குடும்பத்தில் வாயின் இருபுறமும் உள்ள உணர்நீட்சிகள் மேல்நோக்கி வளைந்து தலைக்கும் மேலே செல்லும். மைக்ரோப்டெரிகிடே என்ற மிகப் பழைய குடும்பத்தில் உறிஞ்சுகுழலே கிடையாது. முதிர்ந்த பூச்சிகள் தாடையால் மகரந்தத்தைக் கடித்துத் தின்கின்றன.

தோற்றத்தில் எல்லாவற்றையும் மிஞ்சுபவை இறகு அந்துப்பூச்சிகள். டெரோஃபோரிடே என்னும் இக்குடும்பத்தில் பெரும்பாலானவற்றின் முன்சிறகு இரண்டாகவும் பின்சிறகு மூன்றாகவும் பிளந்து, ஒவ்வொரு பிளவின் ஓரத்திலும் குஞ்சம் கட்டியிருக்கும். உட்காரும்போது சிறகுகளைச் சுருட்டிக் குறுக்கே நீட்டிக்கொள்வதால் காய்ந்த புல் துண்டு செடியில் தொற்றியிருப்பதாகவே தோன்றும். துவரைக் காய்களைத் துளைக்கும் எக்ஸெலாஸ்டிஸ் அடோமோசா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அலுசிடிடே என்ற இன்னொரு குடும்பம் ஒவ்வொரு சிறகையும் ஆறாகப் பிளந்து மொத்தம் 24 இறகுகளோடு திரிகிறது. இறகு அந்துப்பூச்சிகளில் ஆழ்ந்த ஈடுபாடு காட்டியவர் டி. பெய்ன்பிரிக் ஃப்ளெட்சர். இலங்கையின் இறகு அந்துப்பூச்சிகளைப் பற்றி 1909-ல் ஆய்வு வெளியிட்ட அவர், பிறகு கோயம்புத்தூரில் சென்னை மாகாண அரசுப் பூச்சியியலாளராகப் பணியாற்றினார். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய அவரது நூல் 1914-ல் வந்தது.

எதிரியின் பார்வைக்கு எழுதப்பட்ட வடிவம்

இந்த வடிவங்கள் யாருக்காக? ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சென்று சேரும் விடை, எதிரி. பறவை, பல்லி, சிலந்தி, வௌவால் ஆகியவை ஒவ்வொன்றும் வேறு வேறு விதத்தில் இரையை அடையாளம் காண்கின்றன. அதற்கேற்பத் தப்பிக்கும் வழியும் மாறுகிறது.

எளிய வழி, தின்னத் தகாத ஒன்றாகத் தோன்றுவது. டார்ட்ரிசிடே குடும்பத்தில் பல இனங்கள் முன்பாதி கருத்தும் பின்பாதி வெளுத்தும் பறவை எச்சத்தின் துளியாக இலை மேல் கிடக்கின்றன. மரப்பட்டையின் நிறத்தைப் பூசிக்கொண்டவை எண்ணற்றவை.

இதைவிடத் துணிச்சலான வழி, எதிரியின் உருவத்தையே எடுத்துக்கொள்வது. கோயூட்டிடே குடும்பத்தில் பிரெந்தியா என்ற பேரினம் இருக்கிறது. இந்தியாவிலும் அதன் இனங்கள் உண்டு. இந்தச் சிறு பூச்சி இலைமேல் நிற்கும் விதமே தனி. பின்சிறகுகளை அகல விரித்து, முன்சிறகுகளைச் சற்றே தூக்கி முறுக்கி வைத்துக்கொண்டு, விட்டுவிட்டு வெட்டுவெட்டென நகரும். சிறகில் உள்ள ஒளிரும் புள்ளிகள் குதிக்கும் சிலந்தியின் பெரிய கண்களாகவும், கோடுகள் அதன் கால்களாகவும் தெரியும். யத்ராங்கா ரோட்டா, டேவிட் வேக்னர் இருவரும் இதைச் சோதித்தார்கள். குதிக்கும் சிலந்தி இருந்த பெட்டியில் பிரெந்தியாவையும், அதே அளவுள்ள வேறு சாதாரண அந்துப்பூச்சிகளையும் தனித்தனியே விட்டார்கள். சாதாரணப் பூச்சிகள் பெருமளவில் பிடிபட்டன. பிரெந்தியாக்கள் பெரும்பாலும் தப்பின. அதற்கும் மேலாக, சிலந்திகள் பிரெந்தியாவைக் கண்டதும் முன்காலைத் தூக்கி ஆட்டின. தன் இனத்துப் போட்டியாளரிடம் காட்டும் சைகை அது. 2006-ல் வெளியான இந்த ஆய்வு, வேட்டையாடுபவரின் உருவத்தை இரை அணிந்துகொள்ளும் அரிய நிலைக்கு நல்ல சான்று.

மலேசியக் காட்டில் கிடைத்த கதை இன்னும் விந்தையானது. 1887-ல் சுமத்ராவில் பிடிபட்ட ஒரேயொரு கண்ணாடிச்சிறகு அந்துப்பூச்சி ஓர் அருங்காட்சியகத்தில் கிடந்தது. அதை வைத்து ஆக்செல் கல்லீஸ் 2003-ல் ஹெடிரோஸ்ஃபீசியா டாவோனாய்டிஸ் என்ற இனத்தை விவரித்தார். உயிரோடு அதை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. மார்ட்டா ஸ்கவ்ரான் வொல்போனி 2013-ல் மலேசியாவின் தாமான் நெகாரா மழைக்காட்டில், ஆற்றங்கரை ஈரத்தில் தேனீக்கள் கூடும் இடத்தில் அதைக் கண்டார். நீலம் மின்னும் உடல், செதிலற்றுத் தெளிந்த சிறகு, பின்காலில் அடர்ந்த மயிர், தேனீயின் ரீங்காரம், தேனீயின் பறப்பு எல்லாம் அதனிடம் இருந்தன. சேதமடைந்த பழைய மாதிரியில் இவற்றில் பாதியைக்கூடக் கண்டறிய வழியில்லை. செத்த பூச்சியின் தோற்றமும் உயிருள்ள பூச்சியின் தோற்றமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நிறம் மங்கும், செதில் உதிரும்; நிற்கும் நிலையும் நடையும் ஒலியும் ஊசிமுனையில் தங்குவதில்லை.

கத்தரிக் காய்த் துளைப்பானிலும் இதைக் காணலாம். லூசினோடிஸ் ஆர்போனாலிஸ் என்ற இந்தப் பூச்சியின் வெண்சிறகில் பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த திட்டுகள் உண்டு. ஓய்வில் இருக்கும்போது வயிற்றை மேல்நோக்கி வளைத்துக்கொள்ளும். பழகிய கண்ணுக்கு அந்த வளைவே முதல் அடையாளம். பெட்டியில் காய்ந்த மாதிரியில் அது இருக்காது.

வௌவாலுக்குச் சிறகின் நிறம் பொருட்டில்லை. இருட்டில் எதிரொலியைக் கேட்டே அது வேட்டையாடுகிறது. வெண்சிறகில் கரும்புள்ளிகள் கொண்ட யிபோனோமியூடா பூச்சிகளின் பின்சிறகில் செதிலற்ற, ஒளி ஊடுருவும் சிறு பகுதி ஒன்று உண்டு. அதில் வரிவரியாகச் சுருக்கங்கள். பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-லும் 2024-லும் வெளியிட்ட ஆய்வுகள் அதன் பயனைக் காட்டின. ஒவ்வொரு சிறகடிப்பின்போதும் அந்தச் சுருக்கங்கள் மடங்கி நிமிர்ந்து, மனிதக் காதுக்கு எட்டாத சொடுக்கொலியை எழுப்புகின்றன. கசப்பான சுவையுள்ள புலி அந்துப்பூச்சிகள் வௌவாலை எச்சரிக்க எழுப்பும் ஒலியை அது ஒத்திருக்கிறது. இதில் வேடிக்கை, யிபோனோமியூடாவுக்குக் காது கிடையாது. தான் பறக்கும்போதெல்லாம் எழும் ஒலியை அது ஒருநாளும் கேட்பதில்லை.

மனிதக் கண் ஏமாறும் இடம்

எதிரியின் கண்ணுக்கு ஏற்ப உருவான தோற்றம், இனத்தைப் பிரித்தறிய விரும்பும் மனிதனுக்கு நம்பத்தக்க சாட்சியாக இருக்குமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் துறையையே ஆண்ட எட்வர்ட் மெய்ரிக் அப்படித்தான் கருதினார். 1854-ல் பிறந்து 1938-ல் மறைந்த அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். இங்கிலாந்தின் மார்ல்பரோ கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தார். வகுப்பு முடிந்த நேரத்தில் உலகின் பல மூலைகளிலிருந்து வந்து குவிந்த சிறு அந்துப்பூச்சிகளை விவரித்தார். அவர் பெயரிட்டவை 14,000-க்கும் மேல். அயல்நாட்டுச் சிறு அந்துப்பூச்சிகளுக்காக 1912-ல் தொடங்கித் தாமே ஒரு தொடர் வெளியீட்டை 1937 வரை நடத்தினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இந்தியச் சிறு அந்துப்பூச்சிகளைப் பற்றி எழுதினார். மஸ்கெலியா, புத்தளம், பழனிமலை, கூர்க், கோயம்புத்தூர் என்று நமக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்கள் அவர் குறிப்புகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன.

அவர் பெரிதும் நம்பியது கைக்கண்ணாடியை. சிறகு நரம்புகளின் ஓட்டம், உணர்நீட்சியின் வடிவம், புள்ளிகளின் இடம் ஆகியவற்றைச் சில வரிகளில் லத்தீன் ஆசிரியருக்கே உரிய கட்டிறுக்கத்தோடு எழுதினார். வயிற்றின் முனையை அறுத்து இனப்பெருக்க உறுப்பை ஆராயும் முறை அவர் காலத்திலேயே பரவிவந்தது. அதை அவர் ஏற்கவில்லை. விளைவு, அவருக்குப் பின் வந்தவர்களின் தலையில் விழுந்தது. அவரது மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சென்றபின், அமெரிக்கரான ஜே. எஃப். கேட்ஸ் கிளார்க் அவற்றில் ஒரு பகுதியை ஒவ்வொன்றாக அறுத்துப் படமெடுத்து எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். 1955-ல் தொடங்கிய அந்த வெளியீடு 1970-ல்தான் முடிந்தது.

தோற்றத்தை மட்டும் நம்பியதால் ஒரே இனத்துக்குப் பல பெயர் சேர்ந்த கதைகள் தமிழர் வயல்களிலேயே இருக்கின்றன. தென்னை ஓலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தோட்டத்தையே காய்ந்ததாகக் காட்டும் கருந்தலைப்புழுவின் முதிர்ந்த வடிவம், சாம்பல் வெள்ளையில் அடையாளமே இல்லாத ஓர் அந்துப்பூச்சி. ஃபிரான்சிஸ் வாக்கர் 1864-ல் அதற்கு ஓபிசினா அரெனோசெல்லா என்று பெயர் வைத்தார். மெய்ரிக் 1905-ல் அதையே நெஃபாண்டிஸ் செரினோபா என்று புதிதாக விவரித்தார். வேளாண்மை நூல்கள் பல ஆண்டுகள் இரண்டாம் பெயரையே எழுதிவந்தன. முந்திய பெயருக்கே உரிமை என்ற விதிப்படி இன்று முதல் பெயர் நிலைத்துவிட்டது. ஆனாலும் அந்தப் புழுவை ஒழிக்கத் தென்னந்தோப்புகளில் விடப்படும் ஒட்டுண்ணிக் குளவியின் பெயர் கோனியோசஸ் நெஃபாண்டிடிஸ். அந்துப்பூச்சி இழந்த பெயரைக் குளவி இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது.

நெல் குருத்துப்பூச்சியிலோ ஆணும் பெண்ணுமே ஒன்றுபோல் இருப்பதில்லை. பெண் மஞ்சளாக, ஒவ்வொரு முன்சிறகிலும் ஒரு கரும்புள்ளியோடு இருக்கும். ஆண் அதைவிடச் சிறியது, நிறம் மங்கியது, புள்ளி தெளிவில்லாதது. இன்று ஒரே இனமாக அறியப்படும் இதற்கு வாக்கர் மட்டுமே 1863-ல் சில் இன்சர்டுலாஸ், டிபனேயா பைபங்டிஃபெரா என்று ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை வைத்திருந்தார். மானாவாரி நிலக்கடலையைத் தாக்கும் சுருள் பூச்சிக்கும் இதே கதிதான். சாம்பல் பழுப்பு முன்சிறகின் விளிம்பில் ஒரு வெண்புள்ளி தவிர அதற்கு வேறு அணி இல்லை. ஸ்டோமாப்டெரிக்ஸ் என்றும் அப்ரோயரிமா என்றும் ஆய்வு நூல்கள் பெயர் மாற்றி மாற்றி எழுதியதால், பழைய ஆய்வைத் தேடும் மாணவர் ஒரே பூச்சிக்காகப் பல பெயர்களில் தேட வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் ஆபத்தானது. ஒன்றாகத் தெரிவது உண்மையில் பலவாக இருக்கும். ஆப்பிரிக்காவின் கத்தரிப் பயிரில் லூசினோடிஸ் ஆர்போனாலிஸ் இருப்பதாக நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ரிச்சர்ட் மாலி குழுவினர் 2015-ல் அறுத்தும் மரபணுவை ஒப்பிட்டும் பார்த்தபோது, ஆப்பிரிக்காவில் அந்த ஆசிய இனம் இல்லவே இல்லை என்று தெரியவந்தது. அந்தப் பெயரில் வழங்கியவை தனித்தனி ஆப்பிரிக்க இனங்கள். அவற்றில் ஏழு இனங்கள் அறிவியலுக்கே புதியவை.

முட்டைக்கோசு, காலிஃபிளவர் பயிர்களின் பெரும்பகையான வைரமுதுகு அந்துப்பூச்சியின் கதையும் அதே வகை. சிறகை மடக்கி உட்கார்ந்தால் முதுகில் வெளிர் வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும். 1758-ல் லின்னேயஸே பெயரிட்ட இனம். இதைவிட நன்கு தெரிந்த சிறு அந்துப்பூச்சி வேறு இருக்க முடியாது என்றே எண்ணியிருந்தார்கள். ழான்-ஃபிரான்சுவா லாண்ட்ரி, பால் ஹெபர்ட் இருவரும் 2013-ல் ஆஸ்திரேலியாவில் அதே வைரமுதுகோடு இன்னொரு இனம் கலந்து வாழ்வதைக் கண்டு புளூடெல்லா ஆஸ்திரேலியானா என்று பெயர் வைத்தார்கள். இனத்தைக் கணிக்க ஒப்பிடப்படும் மரபணுத் துண்டான மரபணுப் பட்டையில் இரண்டுக்கும் 8.6 விழுக்காடு வேறுபாடு. முதுகில் வேறுபாடு இல்லை.

ஏன் இப்படி? இரவில் திரியும் இந்தப் பூச்சிகள் துணையைத் தேடுவது மணத்தால். பெண் வெளியிடும் இனக்கவர்ச்சி வேதிப்பொருளின் கலவையை ஆண் தன் உணர்கொம்பால் பிடிக்கிறது. இரண்டு இனங்கள் விலகி நிற்க மணக் கலவை மாறினால் போதும். சிறகின் கோலம் மாற வேண்டிய தேவை இல்லை. பறவையை ஏமாற்ற ஒரே கோலம் இரண்டுக்கும் உதவுமானால், அதை இரண்டுமே வைத்துக்கொள்ளும்.

தக்காளி வயலில் நடந்தது

இந்த எல்லாச் சிக்கலும் ஒரே பூச்சியில் கூடிவந்ததைப் பார்க்க வேண்டுமானால் தக்காளி ஊசித் துளைப்பானை எடுத்துக்கொள்ளலாம். பெருவின் உவாங்காயோ என்ற மலைநகரில் கிடைத்த மாதிரியை வைத்து மெய்ரிக் 1917-ல் அதை ஃப்தோரிமேயா அப்சொலூட்டா என்று விவரித்தார். சிறகு விரிவு ஒரு சென்டிமீட்டருக்குள். வெள்ளி கலந்த சாம்பல் நிறம், முன்சிறகில் கரும்புள்ளிகள், வளையம் வளையமாகக் கருமையும் வெளுப்பும் மாறிவரும் உணர்கொம்பு. கெலெக்கிடே குடும்பத்தில் இந்த வருணனைக்குப் பொருந்தும் இனங்கள் ஏராளம். அதனால் பின்வந்தவர்கள் அதை நோரிமோஷேமா, ஸ்க்ரோபிபால்புலா, ஸ்க்ரோபிபால்புலாய்டிஸ் என்று பேரினத்துக்குப் பேரினம் மாற்றிக்கொண்டே போனார்கள். 1994-ல் அது டூட்டா அப்சொலூட்டா ஆனது. அந்தப் பெயரில்தான் உலகம் அதை அஞ்சத் தொடங்கியது. 2021-ல் உடலமைப்பை ஒப்பிட்ட ஆய்வுக்குப் பின் மெய்ரிக் முதலில் வைத்த பேரினத்துக்கே திரும்பியிருக்கிறது. கைக்கண்ணாடியோடு உட்கார்ந்த அந்தப் பள்ளி ஆசிரியர் இந்த ஒரு விஷயத்தில் சரியாகவே கணித்திருந்தார்.

தென் அமெரிக்காவில் அடங்கியிருந்த பூச்சி 2006-ல் ஸ்பெயினில் தென்பட்டது. சில ஆண்டுகளில் மத்தியதரைக் கடற்கரை முழுவதும் பரவியது. இந்தியாவில் 2014-ல் மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்டு, பின் கர்நாடகம், தமிழ்நாடு என்று தக்காளி விளையும் இடங்களுக்கெல்லாம் வந்துசேர்ந்தது. புழு இலையைச் சுரண்டி வெளிறிய கொப்புளத் திட்டுகளை உண்டாக்கும். காயில் ஊசித் துளையிட்டு உள்ளே போகும். கட்டுப்படுத்தாவிட்டால் முழு விளைச்சலும் போய்விடக்கூடும்.

புதிய ஊரில் அதைக் கண்டுபிடிக்கப் பயன்படுவது இனக்கவர்ச்சிப் பொறி. பொறியின் பசையில் விழுந்த பூச்சி துடிக்கும்போது செதில்கள் உதிர்ந்துவிடுகின்றன. நிறமும் புள்ளியும் போய், பழுப்புத் துணுக்கு ஒன்றே மிஞ்சுகிறது. அதே குடும்பத்தின், அதே பேரினத்தின் உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி ஏற்கெனவே நம் ஊரில் இருக்கிறது, தக்காளியையும் தொடும். இரண்டையும் பிரிக்க வயிற்றின் முனையைத் துண்டித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, எஞ்சும் கடினமான இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆண்பூச்சியின் பற்றுறுப்பின் வடிவம் தெளிவான விடை தரும். வயலில் நிற்கும் உழவருக்கு இது ஆகாத காரியம். அவருக்கு உதவுவது சேதத்தின் தோற்றம்: இலைத் திட்டு, காயின் துளை, துளை வாயில் எச்சம். சிறு அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்குப் புழுவும் அது விட்டுச் செல்லும் தடமும், சிறகைவிட நம்பத்தகுந்த அடையாளம்.

தலையில் மஞ்சள், பெயரில் அதிபர்

கெலெக்கிடே குடும்பத்தில் உலகெங்கும் பேசப்பட்ட இன்னோர் இனம், கலிஃபோர்னியாவின் தென்பகுதியிலும் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலும் வாழ்கிறது. டேவிஸ் நகரில் உள்ள போஹார்ட் பூச்சியியல் அருங்காட்சியகத்திலிருந்து வந்த மாதிரிகளைக் கனடாவில் பணியாற்றிய வாஸ்ரிக் நசாரி ஆராய்ந்தபோது, நியோபால்பா பேரினத்தில் அதுவரை அறியப்பட்ட ஒரே இனத்திலிருந்து சில மாதிரிகள் விலகி நின்றன. தலை முழுவதும் மஞ்சள் கலந்த வெண்செதில்கள் படிந்திருந்தன. 2017 ஜனவரி 17 அன்று, அமெரிக்க அதிபர் பதவியேற்புக்கு மூன்று நாள் முன்பு, நியோபால்பா டோனால்ட்டிரம்ப்பி என்ற பெயர் வெளியானது. தலைச்செதில்கள் அதிபரின் தலைமுடியை நினைவூட்டின என்று பெயருக்கு விளக்கம் சொன்ன நசாரி, அழியும் வாழிடங்கள் மேல் கவனம் திரும்ப வேண்டும் என்ற நோக்கத்தையும் கூடவே எழுதினார்.

செய்தித்தாள்கள் மஞ்சள் தலையோடு நிறுத்திக்கொண்டன. ஆய்வுக் கட்டுரை அப்படி நிறுத்தவில்லை. சிறகுக் கோலம், மரபணுப் பட்டை, இனப்பெருக்க உறுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துக் காட்டிய பிறகே புதிய இனம் என்று அறிவித்தது. தோற்றம் ஐயத்தை எழுப்பியது; மற்ற இரண்டும் அதை உறுதி செய்தன. இன்று சிறு அந்துப்பூச்சி ஆய்வு நடக்கும் முறைக்கு இது சரியான மாதிரி.

மரபணு வந்த பிறகு

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழு 2003-ல் முன்வைத்த மரபணுப் பட்டை முறை, ஒரு குறிப்பிட்ட மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள துண்டை ஒப்பிட்டு இனத்தைக் கணிக்கிறது. சிறு அந்துப்பூச்சிகளுக்கு இது பெரும் உதவி. புழுவையோ, கூட்டுப்புழுவையோ, பொறியில் செதிலுதிர்ந்த துணுக்கையோ வைத்துக்கூடப் பெயர் சொல்ல முடிகிறது.

ஆனால் ஒப்பிடுவதற்குச் சரியாகப் பெயரிடப்பட்ட ஒரு மூலம் வேண்டுமே. மெய்ரிக் பழனிமலையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் வந்த பூச்சிகளுக்குப் பெயர் வைத்தபோது சில வரி வருணனை மட்டுமே எழுதினார். அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரிகள் லண்டனில் இருக்கின்றன. கோயம்புத்தூரிலோ கண்டியிலோ இன்று ஒரு பூச்சியைப் பிடித்து மரபணுவைப் படித்துவிடலாம். அது மெய்ரிக் பெயரிட்ட எந்தப் பூச்சி என்று சொல்ல, லண்டன் மாதிரியின் தோற்றத்தையும் அறுத்தெடுத்த படத்தையும் பார்த்தே ஆக வேண்டும். மரபணு வந்தபின்பும் தோற்றத்தைப் படிக்கத் தெரிந்தவர் தேவைப்படுவது இதனால்தான். அத்தகையவர்களை உருவாக்குவதில் நம் பல்கலைக்கழகங்கள் காட்டும் ஆர்வம் போதாது. பூச்சிக்கொல்லி ஆய்வுக்குக் கிடைக்கும் மதிப்பு வகைப்பாட்டு ஆய்வுக்குக் கிடைப்பதில்லை. பெயர் தவறினால் மருந்தும் தவறும். ஒட்டுண்ணிக் குளவியும் தவறும். நாட்டு எல்லையில் நடக்கும் பயிர்த் தடைச் சோதனையும் தவறும்.

ஆக, தோற்றம் எவ்வளவு சொல்லும் என்ற கேள்விக்கு விடை இரண்டு பகுதியாக வருகிறது. பூச்சி எப்படி வாழ்கிறது, யாருக்கு அஞ்சுகிறது, எங்கே ஒளிகிறது என்பதைத் தோற்றம் மிக நன்றாகச் சொல்கிறது. அது எந்த இனம் என்பதைப் பல வேளைகளில் அரைகுறையாகவே சொல்கிறது. முதல் பகுதியை அறிய உயிருள்ள பூச்சியை அதன் இடத்திலேயே பார்க்க வேண்டும். அதைச் செய்ய ஆய்வகம் தேவையில்லை.

வாசகர்களும் இதில் பங்குபெறலாம். மழை விட்ட இரவில் மாடியிலோ தோட்டத்திலோ வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி அதன்மேல் விளக்கு விழச் செய்தால் போதும். சிறு அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுக்க வேண்டும். அருகே ஓர் அளவுகோலை வைப்பது நல்லது. ஊர், நாள், பக்கத்தில் உள்ள செடி ஆகிய மூன்றையும் குறித்துவைக்க வேண்டும். இலையில் துளைத்தடம் கண்டால் அந்த இலையைக் காற்றுப்புகும் குப்பியில் வைத்துப் புழு பூச்சியாகும்வரை காத்திருக்கலாம். எந்தச் செடியில் எந்தப் பூச்சி என்பது ஆய்வாளருக்கு மிகவும் வேண்டிய செய்தி. இந்திய அந்துப்பூச்சிகளுக்கான இணையத் தொகுப்புகள் இத்தகைய பதிவுகளை ஏற்றுக்கொள்கின்றன. 2012-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தொடங்கிய அந்துப்பூச்சி வாரம் ஆண்டுதோறும் ஜூலை பிற்பகுதியில் நடக்கிறது. இந்தியாவிலிருந்தும் பலர் அதில் சேர்கிறார்கள். பள்ளிகளும் இயற்கை ஆர்வலர் குழுக்களும் அந்த வாரத்தில் தத்தம் ஊர்ப் பூச்சிகளைப் பதிவு செய்யலாம்.